பாட்டனாரின் போர்க்காலக் கடிதங்களை எங்கே சேர்ப்பது?

முதலாம் உலகப் போரில் இந்தியப் படையில் 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். இரண்டாம் உலகப் போரில் இத்தொகை ஏறத்தாழ 25 இலட்சமாயிற்று. இவர்களுள் தமிழரும் இருந்தனர். பாலமும் பாதையும் அமைத்த சென்னைப் பொறியியற் படைப்பிரிவில் அவர்கள் பெருந்தொகையினராய் விளங்கினர். மலாயாவிலிருந்து சயாம் - பர்மா இரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அங்கேயே மாண்டனர். 1942 ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பிலும், 9ஆம் நாள் திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின.

இவற்றை வரலாற்று நூல்கள் கூறும். ஆனால் அக்காலத்தில் வாழ்ந்த ஒருவர் என்ன உண்டார், எதற்கு அஞ்சினார், வீட்டை எவ்வாறு நினைத்தார் என்பதை அவருடைய கடிதமும் நாட்குறிப்பும் புகைப்படமுமே கூறும். அவை இன்று நம் வீட்டு அலுமாரிகளில் இருக்கக்கூடும்.

முதலாம் உலகப் போரில் பிரான்சிலிருந்து இந்திய வீரர்கள் எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்தனர். சில பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அறிக்கைகளில் சேர்த்தனர். அவ்வறிக்கைகள் இலண்டனில் உள்ள பிரித்தானிய நூலகத்தில் இன்றும் உள்ளன. மூலக் கடிதங்களுள் மிகப் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. அந்த வீரர்களின் குரலை அவர்களைக் கண்காணித்தவர்களின் மொழியிலேயே நாம் இன்று கேட்கிறோம். குடும்பங்கள் தம்மிடமுள்ள கடிதங்களைக் காப்பது எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இஃதொன்றே போதிய சான்றாகும்.

இலண்டனில் இதற்கென நிறுவனங்கள் உள. 1917இல் தொடங்கப்பெற்ற இம்பீரியல் போர் நூதனசாலை 1936 முதல் லாம்பெத் பகுதியில் இயங்கி வருகிறது. தொடக்க நாளிலேயே அது போரில் மாண்டோரின் படங்களைக் குடும்பத்தாரிடம் கேட்டு வாங்கிற்று. தளபதிகளின் தாள்களோடு சாதாரண வீரரின் கடிதங்களையும் அது பேணுகிறது. செல்சியில் உள்ள தேசிய இராணுவ நூதனசாலை, 1947 வரையிலான இந்தியப் படையின் வரலாற்றையும் தன் பொறுப்பாகக் கொண்டுள்ளது.

ஆவணங்களை அளிக்க விரும்புவோர் சில முறைகளை அறிந்திருத்தல் வேண்டும். முதலாவதாக, என்னென்ன உள்ளன எனப் பட்டியலிட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். கேளாமல் அஞ்சலில் அனுப்புதல் ஆகாது. எல்லாவற்றையும் எல்லா நிறுவனமும் ஏற்பதில்லை.

இரண்டாவதாக, நன்கொடையாக அளித்தால் உரிமை நிறுவனத்துக்குச் சென்றுவிடும். ஆதலால் உடன்பிறந்தோர் அனைவரும் இசைந்த பின்னரே கையொப்பமிடுதல் நன்று. தாளின் உடைமையும் அதில் எழுதப்பட்டதன் பதிப்புரிமையும் வெவ்வேறானவை. இரண்டையும் தெளிவாகப் பேசிக்கொள்ள வேண்டும். உயிரோடிருப்போரைப் பற்றிய செய்திகள் இருப்பின், அப்பகுதியைக் குறித்த காலம் வரை திறவாதிருக்குமாறு கேட்கலாம்.

மூன்றாவதாக, அளிக்கும் வரை அவற்றைப் பழுதின்றிக் காக்க வேண்டும். ஒட்டுநாடா ஒட்டுதலும், பிளாஸ்டிக் உறையிட்டுச் சூடேற்றி மூடுதலும் தீங்கு விளைக்கும். துருவேறும் ஊசிகளை மெல்ல அகற்றுக. கட்டுகளின் வரிசையைக் குலைக்காதீர்கள். அவ்வரிசையும் ஒரு செய்தியே. படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதுக. பெயரற்ற படம் ஓரிரு தலைமுறைக்குள் அந்நியரின் படமாகிவிடும்.

தமிழ்க் கடிதமாயின், அதனைப் படிக்க வல்லவர் அந்நிறுவனத்தில் இல்லாதிருக்கலாம். எனவே தெளிவான படியொன்றையும் ஆங்கிலச் சுருக்கத்தையும் உடன் வைத்தல் பயன் தரும். மாணவச் செல்வங்களே, இது நீங்கள் செய்யக்கூடிய பணி. தாத்தாவின் கையெழுத்தை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். விளங்காத சொல்லைப் பெரியோரிடம் கேளுங்கள். வகுப்பிற் கற்ற தமிழ் இங்கே உங்களுக்குக் கைகொடுக்கும்.

ஒரே இடத்தில் ஒரே படி இருப்பதன் இடரை நாம் நன்கறிவோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும், வேறெங்கும் கிடையாத ஏடுகளும் சாம்பலாயின. ஆகவே மூலத்தைக் காப்பகத்தில் சேர்ப்பதற்கு முன் மின்படி எடுத்து வீட்டிலும் உறவினரிடத்தும் வையுங்கள். 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் இணையத் தளம் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இவ்வாறே மின்படிகளாகத் திரட்டி வருகிறது.

முதியோர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம். படத்திலிருப்பவர் யார் என்று சொல்லக்கூடியவர் மறைந்தபின் எந்தக் காப்பகத்தாலும் அதனைக் கண்டறிந்து கூற இயலாது.