கீழ் என்னும் அடைமொழி

சிறியதைக் குறிக்கச் சிறு, குறு, குட்டி எனப் பல அடைமொழிகள் தமிழில் இருப்பினும், ஒரு பொருள் எத்தனை மடங்கு சிறியது என்பதை அவற்றுள் எதுவும் சொல்வதில்லை. கணக்கிற்கு அது போதாது. பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் திருமுக்கூடலில், பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழன் (1063–1070) காலக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை எனப்பட்ட மருத்துவமனையில் வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும், நோயாளிக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசியும் வகுக்கிறது. 96 நாழி ஒரு கலம். நாழியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு, ஆழாக்கில் ஐந்தில் ஒன்று செவிடு என்று முகத்தலளவையில் ஒவ்வொரு படிக்கும் தனிப்பெயர் உண்டு.

பெயர்கள் எங்கேனும் தீர்ந்துதானே ஆகவேண்டும்? நிலக் கணக்கில் அந்த இடம் முந்திரி, அதாவது 320-இல் ஒரு பங்கு. கல்வெட்டுகள் இதை முந்திரிகை என எழுதும். (போர்த்துகீசியரோடு வந்த முந்திரிப் பருப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை.) அதற்கும் கீழே இறங்கப் புதுப்பெயர் தேடாமல், பழைய பின்னங்களின் முன் 'கீழ்' என்று சேர்த்தனர், சேர்த்தவுடன் அப்பின்னம் 320 மடங்கு சிறுத்தது. அரை என்பது கீழரை ஆகும்போது 640-இல் ஒன்று. கீழ்முந்திரி 1,02,400-இல் ஒன்று. கீழுக்குள் மற்றொரு கீழும் வரலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் கல்வெட்டுகளில் இவ்வாறு ஒரு வேலியின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்குவரை கணக்கு இறங்குகிறது. 320-ஐ நான்கு முறை பெருக்கி, மேலும் ஐந்தால் பெருக்கினால் வரும் எண் அது. வேலியை ஏறத்தாழ ஆறரை ஏக்கராகக் கொண்டால், அப்பங்கு அரைச் சதுர மில்லிமீட்டர். எந்த அளவுகோலாலும் வயலில் அதை அளந்திருக்க இயலாது. பல துண்டுகளின் பின்னங்களைக் கூட்டியும் கழித்தும் எழுதிய கணக்கர் ஏட்டில் மீதத்தைக் கைவிட மறுத்ததன் விளைவாகவே அதைக் கொள்ளவேண்டும்.

இன்றைய அறிவியலில் இதற்கு இணையானவை மில்லி, மைக்ரோ, நானோ என்னும் முன்னொட்டுகள். குள்ளனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த நானோ, 100 கோடியில் ஒன்றைக் குறிக்கிறது. ஆயினும் ஒரு முன்னொட்டின் மேல் மற்றொன்றை அடுக்குவதைப் பன்னாட்டு அலகு முறை தடை செய்வதால், ஒவ்வொரு படிக்கும் அங்கே புதிய பெயர் வேண்டியிருக்கிறது. சோழர் காலக் கணக்கருக்குக் கீழ் என்னும் ஒரே சொல் போதுமானதாக இருந்தது.