ஊசி கட்டாயமா, ஐயா?

போன மாதம் ஆயாக்கொட்டகையில் குழந்தைகளின் கார்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தாய் கேட்டார்: "ஐயா, இந்த ஊசி கட்டாயமா? போடலைன்னா போலீஸ் பிடிக்குமா?" மற்றவர்கள் சிரித்தார்கள். கேள்வி நல்ல கேள்விதான்.

போலீஸ் வராது, அம்மா. மலேசியாவில் அரசாங்க கிளினிக்கில் இலவசமாகப் போடுகிறார்கள். போட்டே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. சிங்கப்பூரில் தொண்டை அடைப்பான் ஊசி 1962 முதலும், தட்டம்மை ஊசி 1985 முதலும் சட்டப்படி கட்டாயம். இங்கே 2016-ல் கெடாவிலும் மலாக்காவிலும் தொண்டை அடைப்பானால் குழந்தைகள் இறந்தார்கள். 2019 டிசம்பரில் சபா, துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்குப் போலியோ என்று தெரிந்தது. 1992-க்குப் பிறகு அதுதான் முதல். அப்போதெல்லாம் "சட்டம் போடு" என்று ஒரு பக்கமும், "என் பிள்ளை, என் இஷ்டம்" என்று மறு பக்கமும் குரல் எழுந்தது.

"என் இஷ்டம்" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் பக்கம் தட்டம்மைக்கு முதல் ஊசி 9 மாதத்தில்தான். பக்கத்து வீட்டு ஆறு மாதக் குழந்தைக்கு அந்த வயதே வரவில்லை. அதுவும் உங்கள் பிள்ளையும் ஒரே கொட்டகையில்தானே தூங்குகின்றன? பெரிய பிள்ளைக்கு நோய் வந்தால் அந்தச் சின்னதுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் நம் தோட்டத்தில் ஊசியை விட்டவர்கள் யாரும் என்னிடம் இஷ்டம் பேசியதில்லை. சில வருடங்களுக்கு முன் 18 மாத ஊசியைத் தவறவிட்ட ஒரு தாயைப் பெரட்டில் நாலு பேர் முன்னால் திட்டிவிட்டேன். அதன்பிறகு பிள்ளைக்கு இருமல் என்றாலும் அவர் என்னிடம் வரவில்லை. டவுன் கடையில் மருந்து வாங்கினார். கடைசியில் நானே அவர் வீட்டுக்குப் போனேன். "போன தடவை ஊசி போட்டு ராத்திரியெல்லாம் காய்ச்சல், ஐயா. கிளினிக்குக்கு ஒருநாள், காய்ச்சலுக்கு ஒருநாள். ரெண்டு நாள் சம்பளம் யார் கொடுப்பா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அபராதம் என்று ஒன்று இருந்திருந்தால் மூன்றாவது நாள் சம்பளமும் போயிருக்கும், கார்டையும் ஒளித்திருப்பார். சங்கத் தோழர்கள் நிர்வாகத்திடம் பேசி, ஊசி நாளுக்குச் சம்பளம் வெட்டாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

காய்ச்சலைப் பற்றி: 2, 3, 5, 18 மாத ஊசிகளுக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் உடம்பு சுடலாம். தட்டம்மை ஊசிக்கு ஒரு வாரம் கழித்தும் வரலாம். பாராசிட்டமோல் அளவை என்னிடம் கேட்டுக் கொடுங்கள்; பாலூட்டுவதை நிறுத்தாதீர்கள். வலிப்பு வந்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு. வெறும் சளிக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். ஒரு ஊசி தவறினால் முதலிலிருந்து தொடங்கவும் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். கார்டு கிழிந்திருந்தாலும் கொண்டு வாருங்கள். இப்போது நான் திட்டுவதில்லை.