விழுங்கியும் சாகாத கிருமி

தீபாவளி ஆர்டர் நெருங்கும் மாதங்களில் புதியம்புத்தூரின் தையல் கூடங்களில் ராத்திரி வெகுநேரம் மெஷின் ஓடும். ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். கரிசல் புழுதி புதுத்துணியில் படியக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தியிருப்பார்கள். அப்படியொரு அறையில் ஒருவர் நுரையீரல் காசநோய் இருப்பது தெரியாமலே இருமிக்கொண்டு காஜா எடுத்தால், கிருமி ஏந்திய நுண்துளிகள் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். பக்கத்து மெஷின்காரர் அதை மூச்சோடு இழுப்பார். பிறகு அவர் உடம்புக்குள் நடப்பது என்ன என்று தெரிந்துகொண்டால், இந்த நோயைப் பற்றிய வீண் பயமும் குறையும், அசட்டையும் குறையும்.

காவல் செல்லே குடியிருப்பு

நுரையீரலின் காற்றுப்பைகளில் மேக்ரோபேஜ் என்ற செல்கள் காவல் இருக்கின்றன. உள்ளே வரும் கிருமியை விழுங்குவது அவற்றின் வேலை. விழுங்கிய கிருமி ஒரு பைக்குள் இருக்கும். அமிலமும் செரிமான நொதியும் நிறைந்த இன்னொரு பை வந்து அதோடு சேர்ந்ததும் கிருமி கரைந்துபோகும். காசநோய்க் கிருமி அந்த இரண்டு பைகளையும் சேரவிடுவதில்லை. மைக்காலிக் அமிலம் கொண்ட மெழுகு போன்ற உறை வேறு அதற்குப் பாதுகாப்பு. தன்னைக் கொல்ல வந்த செல்லுக்குள்ளேயே அது பெருகத் தொடங்குகிறது.

அவசரமும் அதற்குக் கிடையாது. ஈ.கோலி கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். இந்த மந்தகதியால், செய்தி கிடைத்து டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் திரண்டு வருவதற்கே வாரக்கணக்கில் ஆகிவிடுகிறது.

முடிச்சுக்குள் அடைபட்ட பகை

வந்து சேரும் டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரந்து, மேக்ரோபேஜ்களுக்குக் கொல்லும் வலுவைக் கூட்டுகின்றன. எல்லாம் சேர்ந்து கிருமியைச் சூழ்ந்து ஒரு முடிச்சாகக் கட்டுகின்றன. சிலர் உடம்பில் கிருமி அதோடு அழிந்துவிடும். பலருக்குச் சாகாது; சித்திரை வெயிலில் வெடித்த கரிசலுக்குள் களைவிதை மழைக்குக் காத்துக் கிடப்பதுபோலக் கிடக்கும். இந்த நிலையில் இருமல் இராது, காய்ச்சல் இராது, அடுத்தவருக்குத் தொற்றவும் தொற்றாது. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தக் கிருமியின் தொற்றுக்கு உள்ளானவர் என்பது மதிப்பீடு. தொற்றியவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக முற்றுகிறது. தொற்றிய முதல் 2 ஆண்டுகளில் ஆபத்து அதிகம்.

எதிர்ப்புச் சக்தி தளர்ந்தால் முடிச்சின் நடுப்பகுதி அழுகி, மூச்சுக்குழாய்க்குள் உடைகிறது. நுரையீரலில் குழி விழுகிறது. கிருமி இருமலோடு வெளியேறுகிறது. சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, உடம்பு இளைப்பது ஆகியவற்றில் பெரும்பங்கு, போராடும் நம் செல்கள் சுரக்கும் பொருள்களால் வருவது.

செங்கல்பட்டு சொன்ன பாடம்

1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியை லட்சக்கணக்கானோரிடம் சோதித்தார்கள். 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. அதற்காகப் பிறந்த பிள்ளைக்கு ஊசி போடாமல் விட்டுவிடக் கூடாது. மூளைக்காய்ச்சலாக வரும் கொடிய காசநோயிலிருந்து குழந்தைகளைக் காப்பது அந்த ஊசிதான். சின்ன வயதில் போட்டுக்கொண்டோம் என்று பெரியவர்கள் தைரியமாக இருப்பதுதான் தவறு.

சோறும் மருந்துதான்

முடிச்சைக் கட்டிக்காக்கும் செல்களுக்குப் புரதம் வேண்டும். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ராஷன்ஸ் ஆய்வில், நோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவுப்பொருளும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. தடுப்பூசியால் ஆகாததைப் பருப்பும் அரிசியும் செய்திருக்கின்றன! பீஸ் எண்ணிக்கை குறையுமே என்று மத்தியானச் சோற்றைத் தள்ளிப்போட்டு, டீயும் பன்னுமாக ஓட்டுகிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. நம் மண்ணில் விளையும் நிலக்கடலையில் 100 கிராமுக்குச் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. உளுந்து இருக்கிறது, முட்டையும் கிடைக்கிறது.

சர்க்கரை நோய் காசநோய் ஆபத்தை இரண்டு மூன்று மடங்காக்குகிறது. பீடி, குடி, எச்.ஐ.வி. எல்லாமே காவலைத் தளர்த்துபவை. மூட்டுவாதத்துக்குத் தரும் சில ஊசிகள் முடிச்சையே குலைக்கக்கூடியவை. ஆகவேதான் மருத்துவர்கள் முதலில் காசநோய்ப் பரிசோதனை செய்கிறார்கள்.

இரண்டாம் மாதத்தில் நிறுத்தாதீர்கள்

மருந்து தொடங்கிய சில வாரங்களில் இருமல் அடங்கும், பசி எடுக்கும். குணமாகிவிட்டது என்று மாத்திரையை விடுவது இந்தக் கட்டத்தில்தான். வேகமாகப் பெருகும் கிருமிகள் செத்திருக்கும். முடிச்சுக்குள் மந்தமாகக் கிடப்பவை மிஞ்சியிருக்கும். வழக்கமான காசநோய்க்கு 6 மாத மருந்து அவற்றுக்காகத்தான். பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகக்கூடும்.

நோயாளியின் தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைக்க வேண்டாம். இது காற்றில் பரவும் நோய். சென்னையில் 1956இல் தொடங்கிய ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்கள் சானட்டோரியத்தில் தங்கியவர்கள் அளவுக்கே குணமானதையும், அதனால் வீட்டாருக்குத் தொற்று கூடவில்லை என்பதையும் காட்டியது. உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொள்ள அது காரணமாயிற்று.

2 வாரம் தாண்டிய இருமலுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம்; மருந்தும் இலவசம். 2022 முதல் தமிழக அரசின் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டதுமே எடை, கால் வீக்கம், ஆக்சிஜன் அளவு பார்த்து, மோசமானவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். சாப்பாட்டுக்கென்று நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய் வந்த மத்திய அரசு உதவி, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். வீட்டில் உள்ள மற்றவர்களையும், முக்கியமாக 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும், கூட்டிப்போய்ப் பரிசோதியுங்கள். நோய் இல்லையென்று உறுதியானால், உள்ளே கிடக்கும் கிருமி முற்றாமல் இருக்கத் தடுப்பு மாத்திரை தருவார்கள்.