கிணறு தோண்டியவரும் கயிறு மாற்றுபவரும்

2021ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 4ஆம் திகதி. திங்கட்கிழமை இரவு. இலங்கை நேரம் 9 மணியைத் தாண்டிச் சற்று நேரத்தில் வட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டகிராம் ஆகிய மூன்றும் ஒரேயடியாக நின்று போயின. வெளிநாட்டிலிருந்து வரும் கணவனின் அழைப்புக்குக் காத்திருந்த மனைவியரும், மகனின் குரலைக் கேட்காமல் உறங்கப் போகாத தாய்மாரும் அன்றிரவு எத்தனை பேர் தவித்திருப்பார்கள்! "டேட்டா முடிந்து விட்டதோ?" என்று ரீலோட் செய்தவர்களும் இருப்பார்கள். தொலைபேசியிலும் கோளாறில்லை, டேட்டாவிலும் குறையில்லை. ஏறத்தாழ ஆறு மணித்தியாலங்கள் உலகம் முழுவதும் இதே நிலைதான்.

காரணத்தை அந்நிறுவனமே பின்னர் வெளியிட்டது. அது எதிரிகளின் தாக்குதல் அல்ல. வழமையான பராமரிப்பு வேலை ஒன்றின்போது, தமது தரவு நிலையங்களை ஒன்றோடொன்று இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பின் கொள்ளளவை அறிவதற்காக ஒரு கட்டளை கொடுக்கப்பட்டது. அந்தக் கட்டளை எல்லா இணைப்புகளையும் துண்டித்து விட்டது. இப்படியான தவறான கட்டளைகளைத் தடுத்து நிறுத்துவதற்கென்று ஒரு சோதனைக் கருவி இருந்தது. அதிலும் ஒரு பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. தூரத்திலிருந்து சரிசெய்வதற்கும் வழி அற்றுப் போனதால், பொறியியலாளர்கள் நேரடியாகத் தரவு நிலையங்களுக்குப் போக வேண்டியிருந்தது.

சகோதரிகளே! நாம் கைத்தொலைபேசியை மட்டுமே காண்கிறோம். அதன் பின்னால் எத்தனை பெட்டிகள் இரவும் பகலும் இயங்குகின்றன, அவற்றைச் சீராக வைத்திருக்க எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட ஒரு பெட்டியைப் பற்றியும், அதன் உயிராக இருக்கும் மென்பொருளைப் பராமரிப்போரைப் பற்றியுமே இங்கு கூறப் போகிறேன்.

சுவிட்ச் என்பது என்ன?

சுவிட்ச் என்றதும் நமக்கு மின்விளக்குப் போடுவதுதான் நினைவுக்கு வரும். கணனி வலையமைப்பில் சுவிட்ச் என்பது தபாற் கந்தோரில் கடிதம் பிரிப்பவரைப் போன்றது. வரும் தகவல் ஒவ்வொன்றின் விலாசத்தையும் பார்த்து, உரிய வாயிலால் அனுப்பி விடுவது அதன் வேலை. பெரிய தரவு நிலையங்களில் பல சுவிட்சுகளுக்கு 32 வாயில்கள் இருக்கும். ஒவ்வொரு வாயிலும் செக்கனுக்கு 100 கிகாபிட் வேகத்தில் தகவலைக் கடத்துவது இன்று சாதாரணம். இப்படி ஆயிரக்கணக்கான சுவிட்சுகள் ஒரே நிலையத்தில் அடுக்கப்பட்டிருக்கும்.

இந்தப் பெட்டிக்குள் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, கடிதம் பிரிக்கும் வேலையை மின்னல் வேகத்தில் செய்யும் சிப். மற்றையது, எந்த விலாசத்துக்கு எந்த வழி என்று அந்தச் சிப்புக்குச் சொல்லிக் கொடுக்கும் மென்பொருள். பாடசாலைப் புத்தகங்களில் பிள்ளைகள் 'பணிசெயல் முறைமை' என்று படிப்பது இதைத்தான்.

நெடுங்காலமாகப் பெட்டியையும் பணிசெயல் முறைமையையும் ஒரே நிறுவனம் சேர்த்தே விற்று வந்தது. ஒரு தையல் இயந்திரத்தை வாங்குகிறோம். அதே கம்பனியின் ஊசியும் நூலும் மட்டும்தான் அதில் ஓடும், மூடியைத் திறந்து எண்ணெய் விடவும் அவர்களுடைய ஆளே வர வேண்டும் என்று சொன்னால் எப்படியிருக்கும்? சுவிட்ச் வாங்கியவர்களின் நிலை அப்படித்தான் இருந்தது. பிழை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், விற்றவர் திருத்தும் வரை வாங்கியவர் காத்திருக்க வேண்டும்.

பூட்டுத் திறந்த வரலாறு

இந்தப் பூட்டு ஒரே நாளில் திறக்கவில்லை. 2011இல் பேஸ்புக் நிறுவனம் தனது தரவு நிலையங்களின் வடிவமைப்பை யாவரும் பார்க்கும்படி வெளியிட்டு, 'ஓப்பன் கம்பியூட்' என்ற கூட்டமைப்பைத் தொடக்கி வைத்தது. 2013இல் கியூமுலஸ் என்ற நிறுவனம், வெறும் பெட்டியில் விரும்பிய பணிசெயல் முறைமையைப் பதித்துக் கொள்ள உதவும் 'ஓனி' என்ற சிறு மென்பொருளை அக்கூட்டமைப்புக்கு வழங்கியது. வெவ்வேறு கம்பனிகளின் சிப்புகளுடன் ஒரே மொழியில் பேசுவதற்கான 'சாய்' என்ற பொது முறை 2015இல் ஏற்றுக் கொள்ளப்பட்டது. 2016இல் மைக்ரோசொப்ட் நிறுவனம், தனது தரவு நிலையங்களுக்காக உருவாக்கிய 'சொனிக்' என்ற பணிசெயல் முறைமையை எல்லோருக்கும் திறந்து விட்டது. 2022 ஏப்ரலில் அதன் பொறுப்பு, இலாப நோக்கற்ற லினக்ஸ் பவுண்டேசனிடம் ஒப்படைக்கப்பட்டது.

திறந்து விடுவது என்றால் என்ன? அந்த மென்பொருள் எழுதப்பட்ட மூல வரிகளை எவரும் வாசிக்கலாம், பாவிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம் என்பதாகும். சொனிக் வானத்திலிருந்து விழவில்லை. பின்லாந்தின் மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ், 1993இல் ஆரம்பமான டெபியன் ஆகியவற்றின் மீதே அது நிற்கிறது.

இந்தத் திறந்த முறையின் பயனை நமது நாடும் அனுபவித்திருக்கிறது. 2004 சுனாமியின் பின்னர், காணாமற் போனோரையும் முகாம்களையும் உதவிகளையும் பதிவு செய்வதற்கென இலங்கைப் பொறியியலாளர்கள் எழுதிய 'சஹானா' மென்பொருள் அவ்வாறே திறந்து விடப்பட்டது. பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் அது பாவிக்கப்பட்டது.

இலவசம் என்றால் வேலை இல்லையா?

இங்கேதான் பலரும் பிழையாக விளங்கிக் கொள்கிறார்கள். ஊருக்குப் பொதுக் கிணறு ஒன்றைத் தோண்டுவது பெரிய காரியம். தோண்டிய நாளில் ஊரே கூடும், பெயர்ப்பலகை வைக்கப்படும். ஆனால் கயிறு இற்றுப் போகும்போது மாற்றுவது யார்? வருடா வருடம் கிணற்றை இறைப்பது யார்? கட்டு வெடித்தால் பூசுவது யார்? மென்பொருளிலும் தோண்டியவரின் பெயரை உலகம் அறியும். கயிறு மாற்றுபவரை அறியாது.

சொனிக்கைப் பராமரிப்பதில் உள்ள வேலைகளைச் சற்றுப் பாருங்கள்.

முதலாவது, அத்திவாரம் மாறிக்கொண்டே இருக்கும். டெபியன் சுமார் இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிடுகிறது. 2021 ஓகஸ்டில் ஒன்று, 2023 ஜூனில் ஒன்று, 2025 ஓகஸ்டில் ஒன்று வெளிவந்தன. பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது ஒரு நாள் நின்று விடும். அதற்கு முன்னர் சொனிக்கைப் புதிய அத்திவாரத்துக்கு மாற்றியாக வேண்டும். குடியிருந்து கொண்டே வீட்டுக்குப் புதிய அத்திவாரம் போடுவதைப் போன்ற வேலை இது.

இரண்டாவது, பெட்டிகள் பலவிதம். ஒரு கம்பனியின் பெட்டியில் காற்றாடி ஒரு விதம், மற்றொன்றில் மின்வழங்கி வேறு விதம், வெப்பமானி இன்னொரு விதம். மேலே ஒரு வரி மாறினால் இவை அனைத்திலும் மீண்டும் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். காற்றாடியின் வேகம் பிழைத்தாலே பெட்டி சூடேறி அணைந்து விடும்.

மூன்றாவது, வெளியீடுகள். சொனிக்கின் பதிப்புகளுக்கு ஆண்டும் மாதமுமே பெயர். 202205 என்றால் 2022 மே மாதப் பதிப்பு, 202211 என்றால் அவ்வருட நவம்பர்ப் பதிப்பு. புதிய பதிப்பில் திருத்திய பிழையைப் பழைய பதிப்பிலும் திருத்த வேண்டும், ஏனெனில் பலர் இன்னும் அதையே ஓட்டிக் கொண்டிருப்பார்கள். புதியதைச் செய்வதில் உள்ள உற்சாகம் இந்த வேலையில் இருக்காது. இருந்தும் யாரோ ஒருவர் செய்கிறார்.

நான்காவது, பிறர் அனுப்பும் வரிகளை வாசித்துப் பார்த்து, "இது வேண்டாம்" என்று மனம் நோகாமல் மறுப்பது. இதுவே மிகக் கடினமானது என்பேன்.

இந்த வேலைகளை இலகுவாக்க, சொனிக்கை அமைத்தவர்கள் ஒரு நல்ல ஏற்பாடும் செய்திருக்கிறார்கள். வழி தேடும் பகுதி, சிப்புடன் பேசும் பகுதி, அயற் பெட்டிகளை அறியும் பகுதி என ஒவ்வொன்றையும் தனித்தனி அறைகளில் வைத்திருக்கிறார்கள். ஓர் அறையில் வேலை நடந்தால் மற்ற அறைகள் பாதிக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். மென்பொருளை மாற்றி மீண்டும் தொடக்கும்போதும், சிப் தன் பாட்டில் கடிதம் பிரித்துக் கொண்டிருக்க ஒரு வழி உண்டு. முறையாகச் செய்யப்பட்டால், அச்சமயம் அழைப்பில் இருக்கும் நமக்கு எதுவும் தெரிய வராது.

கைவிடப்படும்போது

பராமரிப்பவர் விலகினால் என்ன ஆகும்? மேலே சொன்ன கியூமுலஸ் நிறுவனத்தை 2020இல் என்விடியா வாங்கியது. அதற்குச் சில காலத்தின் பின் வந்த புதிய பதிப்புகள், போட்டிக் கம்பனியான புரோட்கொமின் சிப்புகள் உள்ள சுவிட்சுகளில் இயங்கவில்லை. பெட்டி நல்ல நிலையில் இருக்கிறது, காசும் கொடுத்தாயிற்று, ஆனால் புதிய மென்பொருள் இல்லை. அந்த மென்பொருளில் சிப்புடன் பேசும் முக்கிய பகுதி மூடியே இருந்ததால், மற்றவர்கள் எடுத்து நடத்தவும் முடியவில்லை. சொனிக்கும் இந்தக் குறையிலிருந்து முற்றாக விடுபட்டதல்ல. சிப்புடன் நேரடியாகப் பேசும் பகுதியைப் பல சிப் கம்பனிகள் இன்றும் மூடிய பொதியாகவே கொடுக்கின்றன. கிணறு பொது, கப்பி மட்டும் தனியாருடையது என்பது போன்ற நிலை.

இதைவிடக் கவலை தருவது, பராமரிப்பவர் தனிமையில் களைத்துப் போவது. 2014 ஏப்ரலில் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்' என்ற மென்பொருளில் பெரும் ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. உலகின் வங்கிகளும் கடைகளும் இரகசியம் காக்க நம்பியிருந்த மென்பொருள் அது. அதில் முழு நேரமாக வேலை செய்தவர் ஒரே ஒருவர். வருடத்துக்குக் கிடைத்து வந்த நன்கொடை சுமார் 2,000 டொலர்!

2024 மார்ச்சில் இன்னொரு சம்பவம். கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்.இஸட்' என்ற சிறு மென்பொருளை ஒருவரே ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார். உதவிக்கென வந்த ஒருவர் இரண்டு வருடங்களுக்கும் மேலாக நல்லவராக நடந்து நம்பிக்கையைப் பெற்று, இறுதியில் அதற்குள் ஓர் இரகசியக் கதவை வைத்து விட்டார். ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற பொறியியலாளர், தனது கணனிக்குள் நுழைய வழமையை விட அரைச் செக்கன் அளவில் அதிகம் எடுக்கிறதே என்று தேடியதால்தான் அது பிடிபட்டது. டெபியனின் பரீட்சார்த்தப் பதிப்புகள் வரை வந்து விட்ட அந்த நஞ்சு, பொதுப் பாவனைக்கான நிலையான பதிப்பை எட்டுவதற்கு முன்னர் தடுக்கப்பட்டது. எட்டியிருந்தால், அந்த அத்திவாரத்தில் நிற்கும் மென்பொருள்கள் எத்தனை!

களைத்துப் போன ஒருவருக்குக் கைகொடுக்க நேர்மையான நாலு பேர் முன்வந்திருந்தால், அந்த வஞ்சகனுக்கு இடம் கிடைத்திருக்குமா?

நமது பிள்ளைகளுக்கு

"வீட்டில் நீ என்ன வேலை செய்கிறாய்?" என்று கேட்கப்படும் வேதனை உங்களில் பலருக்குத் தெரியும். கூட்டிய வீட்டை யாரும் கவனிப்பதில்லை. ஒரு நாள் கூட்டாவிட்டால் எல்லோரும் கவனிப்பார்கள். ஆகவே பராமரிப்பின் பெறுமதியை உங்களுக்கு நான் படித்துத் தர வேண்டியதில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கணனி படிக்கும் மகனோ மகளோ இருந்தால், புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது மட்டுமே சாதனை என்று எண்ண விடாதீர்கள். சொனிக்கைக் கற்க விலையுயர்ந்த சுவிட்ச் தேவையில்லை. சாதாரண கணனியில் ஓடக்கூடிய மாதிரிச் சுவிட்ச் ஒன்றையும் அவர்கள் இலவசமாகவே தருகிறார்கள். பிழையைக் கண்டு தெளிவாக எழுதி அறிவிப்பது, விளக்கக் குறிப்புகளைத் திருத்துவது, பரீட்சித்துப் பார்ப்பது, மொழிபெயர்ப்பது ஆகிய யாவும் உதவிதான். வீட்டை விட்டு வெளியே போகாமலே செய்யக் கூடியவை. இத்தகைய வேலையில் பெண்கள் குறைவாக இருப்பதைக் கண்டு, க்னோம் அமைப்பினர் 2010இல் பெண்களுக்கெனக் கொடுப்பனவுடன் கூடிய பயிற்சித் திட்டமொன்றை ஆரம்பித்தார்கள். பின்னர் அது 'அவுட்ரீச்சி' என்ற பெயரில் விரிவடைந்தது. தகுதியுள்ள நமது பெண்பிள்ளைகள் இவற்றைத் தேடிப் பார்க்கட்டும்.

இந்த வேலைக்கு எப்போதும் சம்பளம் இல்லை என்றும் எண்ண வேண்டாம். சொனிக்கில் உழைப்போரில் மிகப் பலர் கம்பனிகளின் ஊழியர்களே. இப்படிப் பகிரங்கமாகச் செய்த வேலையை எவரும் பார்த்து மதிப்பிட முடியும் என்பதால், அதுவே நல்ல சான்றிதழாகவும் அமைகிறது.

இன்றிரவு தூரத்திலிருந்து ஓர் அழைப்பு வரும். குரல் தெளிவாகக் கேட்கும். அந்த நேரத்தில் எங்கோ ஒரு பொறியியலாளர், யாரும் கேட்காத ஒரு பழைய பிழையைத் திருத்திக் கொண்டிருப்பார். அவருடைய பெயர் நமக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் நமது வீட்டிலும் கயிறு மாற்றும் ஒருவர் இருக்கிறார். அவருடைய பெயர் நமக்குத் தெரியும். அவருக்கு நன்றி சொல்லி எத்தனை நாளாயிற்று என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.