மருந்து கொடுத்தார்கள், கட்டி வளர்ந்தது!
11 குழந்தைகளிடம் டாக்டர்கள் கற்ற பாடம்

அமெரிக்காவில் 11 குழந்தைகள். எல்லோருக்கும் மூளையில் கட்டி. மெல்ல வளரும் வகைதான். ஆனால் முன்பு செய்த சிகிச்சைக்கு அது அடங்கவில்லை.

டாக்டர்கள் ஒரு புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் பெயர் "சோரஃபெனிப்". பெரியவர்களுக்குச் சிறுநீரகத்தில் வரும் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பலன் கண்ட மருந்து அது.

கட்டி சுருங்கும் என்று நம்பினார்கள். நடந்தது வேறு. 9 குழந்தைகளுக்குக் கட்டி வளர்ந்துவிட்டது! யாரும் எதிர்பாராத வேகத்தில் வளர்ந்தது!

டாக்டர்கள் சோதனையை நிறுத்தினார்கள். ஆனால் நடந்ததை மறைக்கவில்லை. 2014-ம் ஆண்டில் வைத்தியப் பத்திரிகையில் அப்படியே வெளியிட்டார்கள்.

பழுதான சுவிட்சு

ஏன் அப்படி ஆயிற்று?

நம் உயிரணுக்களுக்குள் "வளர்" என்று உத்தரவு போடும் சுவிட்சுகள் உண்டு. "பிராஃப்" அவற்றில் ஒன்று. சில குழந்தைகளின் கட்டியில் இந்தச் சுவிட்சு போட்டது போட்டபடி நின்றுவிடுகிறது. கட்டி பெருகுகிறது.

பழுதிலும் இரண்டு முக்கிய வகை. ஒன்றில், மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். மற்றதில், பிராஃப் மரபணு உடைந்து வேறொரு மரபணுவோடு ஒட்டியிருக்கும். ஒட்டிய வகை, ஜோடி சேர்ந்து வேலை செய்யும். ஜோடியில் ஒன்றை மருந்து அடைத்தால், மற்றது முன்னிலும் வேகமாக வேலை செய்யும்! 11 குழந்தைகள் விஷயத்தில் இப்படித்தான் ஏதோ நேர்ந்திருக்க வேண்டும் என்று டாக்டர்கள் கருதுகிறார்கள்.

ஆகவே இப்போது கட்டியில் ஒரு துணுக்கு எடுத்து, என்ன பழுது என்று பார்க்கிறார்கள். பிறகுதான் மருந்து.

குலுக்கல்!

எழுத்து மாறிய வகைக்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்தார்கள். "டப்ராஃபெனிப்" பிராஃபை அடைக்கும். "டிராமெட்டினிப்" அதற்கு அடுத்த சுவிட்சை அடைக்கும்.

பல நாடுகளில் 110 பிள்ளைகள் இந்தச் சோதனையில் சேர்ந்தார்கள். 1 வயது முதல் 17 வயது வரை. யாருக்கு எந்த மருந்து? குலுக்கல் முறையில் முடிவாயிற்று. 73 பேருக்குப் புது மருந்து. 37 பேருக்கு வழக்கமான கீமோதெரபி ஊசி.

பிள்ளையின் உயிர் விஷயத்தில் குலுக்கலா? பெற்ற வயிறு பதறத்தான் செய்யும். ஆனால் டாக்டரே ஆள் பொறுக்கினால், நோய் குறைந்த பிள்ளைகள் ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடலாம். அப்புறம் குணம் தந்தது மருந்துதானா என்று எப்படித் தெரியும்? ஊசி போட்டும் கட்டி வளர்ந்தால், புது மருந்துக்கு மாறிக்கொள்ள வழி வைத்திருந்தார்கள்.

2023-ல் முடிவு வெளிவந்தது. புது மருந்து சாப்பிட்டவர்களில் 100-க்கு 47 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. ஊசி போட்டவர்களில் 100-க்கு 11 பேருக்குத்தான்!

புது மருந்தில் பலருக்குக் காய்ச்சல் வந்தது. ஆனால் கடுமையான தொல்லை கண்டவர்கள் 100-க்கு 47 பேர். ஊசியிலோ 94 பேர்.

அதே ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. தண்ணீரில் கலந்து கொடுக்கும் வடிவிலும் கிடைக்கிறது. 1 வயதுக் குழந்தைக்குக் கூடப் புகட்டலாம்.

ஒட்டிய வகை என்ன ஆயிற்று? ஜோடியைத் தூண்டிவிடாத "டோவோராஃபெனிப்" என்ற மருந்து 2024-ல் வந்தது. வாரம் ஒரு முறை சாப்பிட்டால் போதும். பலருக்குத் தலைமயிரின் நிறம் மாறிவிடுகிறது. அதைப் பிள்ளைகள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

இந்த மருந்துகளை எத்தனை காலம் சாப்பிடுவது? நிறுத்தினால் சில குழந்தைகளுக்குக் கட்டி மறுபடி தலைதூக்குகிறது. எப்போது நிறுத்தலாம் என்பதற்கு டாக்டர்கள் இன்னும் முடிவான பதில் சொல்லவில்லை.