மூச்சை அடக்காதே: சிறுவர்களுக்கான ஸ்கூபா பயிற்சி

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தவர்கள் மூச்சை அடக்கியே மூழ்கினர். இன்றும் நீரில் முங்கும் குழந்தையிடம் நாம் முதலில் சொல்வது, ‘மூச்சைப் பிடித்துக்கொள்’ என்பதுதான். ஆனால், முதுகில் காற்று சிலிண்டரைச் சுமந்து மூழ்கும் ஸ்கூபா முறையில் இப்பழக்கமே பேராபத்தாகும். விடுமுறையில் பிள்ளைகளைக் கடலடி உலகுக்கு அழைத்துச் செல்ல விரும்பும் பெங்களூருப் பெற்றோர் முதலில் அறிய வேண்டிய உண்மை இது.

காரணம் எளியது. கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம், நீர்மட்டத்தில் உள்ளதைப் போல் இரு மடங்காகிறது. முத்துக்குளிப்பவர் மேலே இழுத்த மூச்சோடு இறங்குகிறார். அக்காற்று ஆழத்தில் சுருங்கி, அவர் மேலே வரும்போது பழைய அளவையே அடைகிறது. ஸ்கூபாவிலோ, ஆழத்தின் அழுத்தத்துக்கு ஈடான காற்று நுரையீரலை நிரப்புகிறது. அங்கே மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்தால், அக்காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கக்கூடும். நீச்சல் குளத்தில் ஒன்றரை மீட்டர் எழும்போதும் இது நிகழலாம். அஞ்சிய குழந்தை இயல்பாகவே மூச்சை அடக்கி மேல்நோக்கிப் பாயும். ஆகவே, அச்சத்திலும் சீராக மூச்சுவிடப் பழக்குவதே பயிற்சியின் முதற்பாடம்.

அடுத்தது காது. நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குறுகலானது. இறங்கத் தொடங்கியதுமே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, அழுத்தத்தைச் சமன்செய்யக் கற்பிக்க வேண்டும். வலித்தால் மேலும் இறங்கலாகாது. சளி பிடித்திருக்கும் நாளில் மூழ்கவே கூடாது. ஆஸ்துமா, காது நோய் உள்ள பிள்ளைகளுக்கு மருத்துவரின் ஒப்புதல் இன்றியமையாதது.

பிஏடிஐ என்னும் பன்னாட்டுப் பயிற்சி அமைப்பின் விதிப்படி, 8 வயதுக் குழந்தை 2 மீட்டருக்கு மேற்படாத ஆழத்தில் ஸ்கூபாவை அறிமுகம் செய்துகொள்ளலாம். இளையோர் சான்றிதழுக்குக் குறைந்த வயது 10. அவ்வாறு சான்றிதழ் பெற்ற 10, 11 வயதுச் சிறுவர்கள் 12 மீட்டருக்குக் கீழே செல்லலாகாது. சான்றிதழ் பெற்ற பெற்றோரோ, தொழில்முறைப் பயிற்றுநரோ உடனிருக்க வேண்டும். இவை குறைந்தபட்ச வரம்புகளே. அறிவுரையைக் கேட்டு நடக்கும் பக்குவம் வராத பிள்ளைக்கு வயது மட்டும் தகுதி ஆகாது.

பெங்களூருவில் கடல் இல்லாதது குறையன்று. நீச்சல் குளத்தில் அவசரமின்றிப் பழகிய பின்னரே கடலுக்குச் செல்லலாம். முருடேஸ்வர் கடற்கரைக்கு அப்பாலுள்ள நேத்ராணித் தீவு இதற்குப் பெயர்பெற்ற இடம். ஆனால், திரும்பும் பயணத்தில் கவனம் தேவை. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. மூழ்கியபோது உடலில் கரைந்த நைட்ரஜன் முழுதும் வெளியேறுமுன் உயரத்துக்கு ஏறினால், அது குமிழ்களாகித் தீங்கு செய்யலாம். ஒருமுறை மூழ்கியபின் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியபின் 18 மணி நேரமும் கழித்து மலையேறுவதோ விமானம் ஏறுவதோ நலம். ஆகவே, அன்றிரவு கடற்கரையிலேயே தங்குமாறு பயணத்தைத் திட்டமிடுங்கள்.

பணம் செலுத்துமுன் சிலவற்றைக் கேட்டறியுங்கள்: ஒரு பயிற்றுநரின் பொறுப்பில் எத்தனை குழந்தைகள்? சிறுவர் அளவிலான மாஸ்க்கும் உடுப்பும் உள்ளனவா? படகில் ஆக்சிஜன் இருக்குமா? உங்கள் மருத்துவ, விபத்துக் காப்பீடுகள் சாகச விளையாட்டுகளுக்குப் பொருந்துமா என்பதையும் பாலிசி ஆவணத்தில் சரிபாருங்கள். உடல்நலப் படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள்.

நீருக்கடியில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் ‘நன்று’ என்று பொருளன்று. ‘மேலே போவோம்’ என்று பொருள். அச்சைகையைக் குழந்தை எப்போது காட்டினாலும் மறுபேச்சின்றி மேலே அழைத்து வர வேண்டும். கட்டிய கட்டணம் வீணாகுமே என்று வற்புறுத்தலாகாது. கடல் அங்கேயே இருக்கும். அடுத்த ஆண்டும் செல்லலாம்.