மாத்திரைக்கு முன் ஒரு கேள்வி

மெர்காப்டோப்யூரின் புதிய மருந்தல்ல. 1953 முதல் புழக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வரும் லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில், நோய் அடங்கிய பிறகும் நீண்ட காலம் இதை வீட்டிலேயே தினமும் கொடுத்தாக வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள். சிலருக்கு வழக்கமான அளவே நஞ்சாகிறது. வெள்ளணுக்கள் சரிந்து, சாதாரணக் காய்ச்சலே உயிருக்கு உலை வைத்துவிடும்.

மேலைநாட்டு மருத்துவம் இதற்கு நெடுங்காலமாக டி.பி.எம்.டி. என்ற மரபணுவைக் கைகாட்டி வந்தது. ஆசியர்களிடம் அந்தக் கணக்கு பலிக்கவில்லை. 2014இல் கொரிய ஆய்வாளர்கள், குடல் அழற்சி நோயாளிகளிடம் என்.யு.டி.டி.15 என்ற வேறொரு மரபணுவில் இருக்கும் மாற்றமே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். 2016இல் அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனையோடு சேர்ந்து, சிங்கப்பூர், மலேசியப் பிள்ளைகளுக்கான ‘மா-ஸ்போர்’ சிகிச்சைத் திட்டக் குழுவினரும் ரத்தப் புற்றுநோயில் இதை உறுதிசெய்தார்கள். அந்தத் திட்டத்தை வழிநடத்தியவர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் பேராசிரியர் ஆலன் யோ. இந்த மரபணுவின் தாய்வழி, தந்தைவழி இரண்டு பிரதிகளும் பழுதான பிள்ளைக்கு வழக்கமான அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே தாங்கும். இந்த மாற்றம் ஐரோப்பியரிடம் அரிது. கிழக்காசியரிடமும் தெற்காசியரிடமும் அப்படியல்ல. ‘அது சீனர்களுக்கு வருவது’ என்று தேக்காவில் இருந்துகொண்டு நாம் ஒதுங்கிவிட முடியாது.

“டாக்டர், இந்த மரபணுக்கள் இரண்டையும் பார்த்தாகிவிட்டதா?” மாத்திரை தொடங்குமுன் இதைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் தயங்குவார்கள். நீங்கள் தயங்க வேண்டாம். குடல் அழற்சிக்கும் லூபஸுக்கும் தரப்படும் அசதயோப்ரின் இதே குடும்பத்து மருந்துதான் என்பதால், பெரியவர்களும் கேட்கலாம்.

இத்தகைய கண்டுபிடிப்புகள் நோயாளிகள் கொடுத்த ரத்தத்திலிருந்துதான் வந்தன. நம்மவர் கொடுக்காவிட்டால் நம் மரபணுவைப் பற்றிய அறிவு குறைவாகவே இருக்கும். ஆனால் கொடுப்பது வேறு, படிக்காமல் கையெழுத்திடுவது வேறு. சிங்கப்பூரின் 2015ஆம் ஆண்டு மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டப்படி, விளக்கம் தந்து உங்கள் சம்மதம் பெற்ற பிறகே ரத்தத்தை ஆய்வுக்கு எடுக்க வேண்டும். சிகிச்சைக்கான சம்மதம் ஆய்வுக்கான சம்மதம் ஆகாது. பின்னால் மனம் மாறினால் விலகலாம். ஆய்வில் தற்செயலாக வேறொரு நோய்க்கூறு தெரியவந்தால் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள்.

‘மரபணுச் சோதனை செய்தால் காப்புறுதி கிடைக்காதே’ என்ற பயம் பரவலாக உண்டு. 2021 அக்டோபரில் சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, நிறுவனம் உங்களைச் சோதனை செய்துகொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. ஆய்வில் கிடைத்த முடிவையும் கேட்க முடியாது. ஆனால் வந்துவிட்ட நோயை உறுதிசெய்யும் சோதனை இந்தப் பாதுகாப்புக்குள் வராது. அதை மறைத்தால் பிற்பாடு சிக்கல் உங்களுக்குத்தான்.

ஞாயிறு மாலை சிராங்கூன் சாலையில் கூடும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தால் நிலை இன்னும் கடினம். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவரின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. 2023 ஜூலை முதல் மருத்துவக் காப்புறுதி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு இருக்க வேண்டும். இந்த நோய்க்கு அது வெகுநாள் தாங்காது. தனியாகத் தவிக்காமல், மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியரை முதல் வாரத்திலேயே பாருங்கள். நாள்பட்ட மைலாய்டு வகை என்றால் ஊர் திரும்பியும் மருந்தைத் தொடர முடியும். அதற்குத் தரப்படும் இமாடினிப் மாத்திரைக்கான காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது; 2013இல் இந்திய உச்ச நீதிமன்றமும் அந்த நிராகரிப்பை ஏற்றது. அதனால் இந்தியாவில் அதன் விலை மிகக் குறைவு.

மருந்து மட்டும் போதாமல் மாற்று மஜ்ஜை தேவைப்படுவோருக்கு உடன்பிறந்தவர் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. இல்லையென்றால் பெரும்பாலும் தன் இனத்தாரிடம்தான் தேட வேண்டும். 1993இல் தொடங்கிய சிங்கப்பூர் எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் திட்டத்தில், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்துப் பதிந்துகொள்ளலாம். பதிந்தவருக்கு மறுக்கும் உரிமை உண்டு. ஆனால் மாற்றத்துக்காக நோயாளியின் சொந்த மஜ்ஜையை மருந்தால் அழிக்கத் தொடங்கிய பிறகு கொடையாளர் பின்வாங்கினால் அந்த நோயாளி பிழைப்பது அரிது. மறுப்பதானால் அதற்கு முன்பே மறுத்துவிடுங்கள்.